தென்மேற்குக் காற்று கட்டிய மணல்வெளி

ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்து மலைமுகடுகளில் சாரலாக இறங்கி, தன் ஈரத்தில் பெரும்பகுதியை அங்கேயே உதறிவிட்டு, செங்கோட்டைக் கணவாயின் வழியாக வறண்ட பெருங்காற்றாகத் திருநெல்வேலிச் சீமைக்குள் புகுந்து, திருச்செந்தூரை அடுத்த குதிரைமொழித் தேரியின் செம்மணலைக் குன்றுகுன்றாகக் குவித்து வைத்திருக்கும் தென்மேற்குப் பருவக்காற்று, அரபிக்கடலின் மேல்கரையிலும் இதே வேலையைச் செய்துவருகிறது என்பதை நான் ஏட்டில் படித்திருந்தேனே தவிரக் கண்ணால் கண்டதில்லை. ஓமான் தேசத்தின் கிழக்குப் பிராந்தியத்தில், கடலோரத்தில் தொடங்கி வடக்கு நோக்கி விரிந்து கிடக்கும் வஹீபா மணல்வெளி அந்தக் காற்றின் சிருஷ்டி. மழை என்று சொல்லத்தக்க எதையும் அந்தப் பிரதேசத்துக்கு அது கொடுப்பதில்லை; கடற்கரையிலிருந்து மணலை ஏந்திச் சென்று தெற்கு வடக்காக நீண்ட வரிசைகளில் அடுக்கி வைப்பதோடு நின்றுவிடுகிறது. அரசாங்கத்தார் இப்போது இதை ஷர்க்கியா மணல்வெளி என்று வழங்குகிறார்கள். அங்கே வசிக்கும் வஹீபா கூட்டத்தாரின் பெயரால் வந்த பழைய பெயரே பிரயாணிகளின் வாயில் இன்னும் நிலைத்திருக்கிறது.

இதன் விஸ்தீரணம் சுமார் 12,500 சதுர கிலோமீட்டர். தெற்கு வடக்காக ஏறக்குறைய 180 கிலோமீட்டர் நீளமும், கிழக்கு மேற்காக 80 கிலோமீட்டர் அகலமும் உள்ள இந்தப் பரப்பின் வடபாதியில், மணல் வரிசைகள் 100 மீட்டர் உயரம் வரையில் எழும்புகின்றன; ஒவ்வொரு இரண்டு வரிசைகளுக்கும் நடுவே, ராஜபாட்டை போன்ற அகன்ற பள்ளத்தாக்குகள் கண்ணுக்கெட்டிய தூரம் நேராக ஓடுகின்றன. உலகத்து நீரில் பெரும்பங்கு பனிக்கட்டியாக உறைந்து, சமுத்திரத்தின் மட்டம் தாழ்ந்திருந்த யுகங்களில், கரையோரக் கடலடி வெளியே தெரிந்து காய்ந்து கிடந்தபோது, அங்கிருந்த கிளிஞ்சல் துணுக்குகளையும் சுண்ணாம்புத் துகள்களையும் காற்று வாரியெடுத்து உள்நாட்டுக்குக் கொண்டுவந்தது என்றும், அந்தப் பழைய மணலே பல இடங்களில் இறுகிப் பாறையாகிப் புதிய மணலுக்கு அடியில் கிடக்கிறது என்றும் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். 1949-ஆம் ஆண்டில் வில்ஃப்ரெட் தெசிகர் என்ற ஆங்கிலேயர் பெதுவின் என்னும் பாலைவன நாடோடிகளான தோழர்களுடன் ஒட்டகத்தில் இந்த மணலைக் கடந்தார். லண்டனிலுள்ள ராயல் ஜியாக்ரபிகல் சொசைட்டி 1986-இல் விஞ்ஞானிகளின் பெரிய குழுவொன்றை அனுப்பி, இங்குள்ள மணலையும் செடிகொடிகளையும் ஜீவராசிகளையும் மக்களின் வாழ்க்கையையும் சேர்த்தே ஆராயச் செய்தது. பாலைவனம் என்றால் ஒன்றுமில்லாத வெட்டவெளி என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும்போது, ஒரு மணல்வெளிக்காக இத்தனை சாஸ்திரங்கள் ஒன்றுகூடின என்பதே எனக்கு அங்கே போகும் ஆவலை மூட்டியது.

தார் ரஸ்தாவில் வண்டி ஓட்டுவதில் எனக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. ஆழ்ந்த மணலில் ஸ்டியரிங்கைப் பிடித்தது கிடையாது. மஸ்கட்டில் உத்தியோகம் பார்க்கும் என் நண்பர், உடன்குடிப் பக்கத்தைச் சேர்ந்த இளைஞர், நாலு சக்கரங்களுக்கும் இஞ்சினின் சக்தி போய்ச்சேரும் லேண்ட் குரூசர் ஒன்று வைத்திருந்தார். அவருடைய சகா ஒருவர் இன்னொரு வண்டியுடன் சேர்ந்துகொண்டார். மணலுக்குள் தனி வண்டியாகப் போகலாகாது என்பது அந்த நாட்டில் எல்லோரும் அறிந்த விதி. மார்கழி மாதத்து விடியலில் புறப்பட்டு, கரும்பழுப்பான ஹஜர் மலைகளின் ஊடே இப்ரா நகரத்தைத் தாண்டி, 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தை நல்ல ரஸ்தாவில் கடந்து பிதியாவை அடைந்தோம். வழியைப் பற்றி விசேஷமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பிதியாவைச் சேர்ந்த மிந்திரிப் என்ற ஊரில் மண்ணால் கட்டிய பழைய கோட்டையொன்று நிற்கிறது. வாய்க்கால் நீர் பாயும் பேரீச்சந்தோப்புகளும் உண்டு. அந்தத் தோப்புகளின் கடைசி மரத்துக்கு அப்பால், இடைவெளி ஏதும் விடாமல், ஆரஞ்சு நிறத்தில் மணற்குன்று எழுந்து நிற்பதைக் கண்டபோது, பச்சையும் செம்மையும் அப்படிக் கோடு கிழித்தாற்போலப் பிரிந்து நிற்பதை வேறெங்கும் கண்ட ஞாபகம் எனக்கு வரவில்லை.

எங்களுக்கு வழிகாட்ட இசைந்த பெதுவின் பெரியவர் அங்கே காத்திருந்தார். இளமையில் ஒட்டகத்தின் மேலும், பிற்காலத்தில் பிக்-அப் வண்டியிலும் அந்த மணலிலேயே ஆயுளைக் கழித்தவர். வண்டிகளை நிறுத்தியதும் அவர் செய்த முதற்காரியம், குனிந்து உட்கார்ந்து டயர்களின் காற்றை இறக்கியதுதான். வால்வின் மூடியைத் திருகி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாவிக்கொத்தில் கோத்திருந்த ஒரு சிறு முள்ளால் வால்வின் நடு ஊசியை அழுத்திப் பிடித்தார். காற்று சீறிக்கொண்டு வந்தது. அந்தக் காலைக் குளிரிலும் அது அதிகக் குளிர்ச்சியாக இருந்ததை, பக்கத்தில் நீட்டிய என் விரல்களில் உணர்ந்தேன். கொஞ்ச நேரம் விடுவார், நிறுத்தி அளவுமானியை வைத்துப் பார்ப்பார், மறுபடியும் விடுவார். சதுர அங்குலத்துக்கு 35 ராத்தலாக இருந்த அழுத்தம் 18-க்கு வந்ததும், விறைப்பாக நின்ற டயரின் பக்கச்சுவர் தரையருகே பிதுங்கிச் சுருக்கம் விழ, வண்டியே சற்றுக் குனிந்து உட்கார்ந்தது. பெரியவர் என்னவோ சொன்னார்.

"அண்ணாச்சி, நமக்குப் பழக்கமில்லாததால இப்போதைக்கு 18 போதுங்காவ. மெத்து மணலு வந்தா 15 வரைக்கும் எறக்கலாமாம். அதுக்கும் கீழ போயிட்டு வண்டிய ஒடிச்சுத் திருப்புனா டயரு ரிம்ம விட்டுக் கழண்டுருமாம்" என்று நண்பர் விளக்கினார்.

ரஸ்தாவில் ஓட்டுகிறவனுக்குக் காற்று இறங்கிய டயரைப் போல் அபசகுனமான காட்சி வேறில்லை. ஆகவே இந்தக் காரியத்தின் நியாயம் மனத்தில் பதிந்தாலொழிய மணலில் கால்வைக்கும் தைரியம் எவருக்கும் வராது. நியாயம் எளிதானதுதான். டயர் தரையின்மேல் செலுத்தும் அழுத்தம், ஏறக்குறைய அதற்குள் அடைபட்டிருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமானம். வண்டியின் பாரம் மாறாதபோது காற்றின் அழுத்தத்தைப் பாதியாக்கினால், அந்தப் பாரத்தைத் தாங்க முன்னைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பரப்பு மணலின்மேல் படிந்தாக வேண்டும். டயர் அகலத்தில் கொஞ்சமும் நீளத்தில் நிறையவும் படிந்து, மணலை வெட்டிக்கொண்டு உள்ளே இறங்காமல், அதன் மேற்பரப்பிலேயே தவழ்ந்து செல்கிறது. விறைத்த டயரோ தனக்கு முன்னால் ஒரு மணற்சுவரைத் தானே எழுப்பிக்கொண்டு, அதையே ஓயாமல் ஏற முயன்று, இஞ்சினின் சக்தியையெல்லாம் அதில் செலவழித்துவிடும். எங்களுக்குச் சற்றுத் தூரத்தில் நின்றிருந்த ஒட்டகத்தின் பாதத்தைப் பெரியவர் சுட்டிக்காட்டினார். அது அடியெடுத்து வைத்தபோது பாதத்தின் மெத்தை அகன்று பரவியதையும், தூக்கியபோது சுருங்கியதையும், அது விட்டுச்சென்ற சுவடு விரல் ஆழங்கூட இல்லாததையும் பார்த்த பிறகு, எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த வித்தையை மோட்டார் வண்டியில் கையாண்டு சாஸ்திரமாகவும் ஆக்கியவர் என்று ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ரால்ஃப் பாக்னோல்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1920-களில் எகிப்தில் பணியாற்றியபோது, விடுமுறை நாட்களில் சகாக்களோடு சாதாரண ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் போய்வரத் தொடங்கினார். மோட்டாரால் ஏறவே இயலாதது என்று கருதப்பட்ட பெரிய மணற்கடலின் குன்றுகளை 1930-இல் அவருடைய கார்கள் ஏறின. டயரில் காற்றைக் குறைப்பதும், புதைந்த சக்கரத்துக்கு முன்னால் இரும்புத் தகடுகளைச் செருகி வண்டியை மேலே ஏற்றுவதும், கொதிக்கும் ரேடியேட்டரின் நீராவியை வீணாக்காமல் ஒரு பாத்திரத்தில் குளிரவைத்து மீண்டும் தண்ணீராக்கிக்கொள்வதும் அந்தப் பிரயாணங்களில் அவர்கள் கையாண்ட உபாயங்கள். அவர் அத்துடன் நிற்கவில்லை. மணல் ஏன் இப்படிக் குவிகிறது என்ற கேள்வி அவரை விடாமல் பிடித்துக்கொள்ள, இங்கிலாந்துக்குத் திரும்பியதும் ஒரு காற்றுச்சுரங்கம் அமைத்து, அதற்குள் மணலை ஊதவிட்டுப் பரிசோதித்து, 1941-இல் காற்றால் நகரும் மணலின் பௌதிகத்தைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் இன்றளவும் அந்தத் துறைக்கு ஆதாரமாக இருக்கிறது. செவ்வாய் கிரகத்தில் கியூரியாசிட்டி என்ற ஊர்தி 2015-இல் சென்று சேர்ந்த மணற்குன்றுகளுக்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒரு மனிதர் விடுமுறையில் கார் ஓட்டியதிலிருந்து பிறந்த ஞானம் வேற்றுக்கிரகம் வரையில் போய்ச் சேர்ந்திருப்பதை நினைக்கும்போது, உல்லாசத்துக்காகச் செய்யும் காரியத்தையும் முழுச் சிரத்தையோடு செய்கிறவர்களிடம் எனக்கு உண்டாகும் மரியாதைக்கு அளவில்லை.

அவர் கண்ட உண்மைகளில் ஒன்று, மணலில் வண்டி ஓட்டப் பழகுகிறவனுக்கு எந்த உபகரணத்தையும்விட அதிகமாக உதவுவது. காற்றில் மணல் பறப்பதாக நமக்குத் தோன்றினாலும், பெரும்பாலான மணிகள் பறப்பதில்லை. தரையிலிருந்து சிறிது எழும்பி, கொஞ்ச தூரம் தாவி, மீண்டும் தரையில் மோதி, அந்த மோதலால் வேறு மணிகளை எழுப்பிவிட்டுத் தாவித்தாவியே செல்கின்றன. காற்றை எதிர்கொண்டிருக்கும் சரிவில் இந்த மணிகள் ஓயாமல் வந்து மோதுவதால், அங்குள்ள மணல் தட்டித்தட்டி இறுக்கப்பட்டு, வண்டியைத் தாங்கும் உறுதி பெறுகிறது. முகட்டைத் தாண்டிக் காற்று எட்டாத மறுபக்கத்தில் விழும் மணிகளைத் தட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. அவை குவிந்து, தாளமுடியாமல் சரிந்து, களத்தில் கொட்டிய நெல் தனக்கென்று ஒரு சரிவு வகுத்துக்கொண்டு நிற்பதுபோல, ஏறக்குறைய 33 பாகை சாய்வில் நெகிழ்ந்து நிற்கின்றன. ஆகவே ஒரே குன்றின் ஒரு பக்கம் ரஸ்தாவாகவும் மறுபக்கம் புதைகுழியாகவும் இருப்பது விந்தையல்ல. எந்தப் பக்கம் காற்றின் முகம், எந்தப் பக்கம் அதன் முதுகு என்று பார்த்துக்கொள்ளக் கற்றவனுக்கு மணலில் பாதி அச்சம் நீங்கிவிடும். பெரியவர் பாக்னோல்டின் பெயரைக் கேட்டிருக்க நியாயமில்லை; ஆயினும் ஒவ்வொரு குன்றுக்கும் முன்னால் அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தது இதைத்தான். மணலின் மேலுள்ள சின்னஞ்சிறு அலைவரிகள் தெளிவாகவும் நெருக்கமாகவும் இருந்தால் சைகையால் போகச்சொல்வார். வரியே இல்லாமல் வழவழப்பாகவும் நிறம் சற்று வெளிறியும் தெரிந்தால் கையை அசைத்து விலகச்சொல்வார்.

நான் ஸ்டியரிங்கின் முன் அமர்ந்தேன். வண்டி சறுக்கும்போது தானாகவே இஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடும் மின்னணு ஏற்பாட்டை நண்பர் அணைத்துவைத்தார். ரஸ்தாவில் உயிர்காக்கும் அந்த ஏற்பாடு, மணலில் சக்கரம் லேசாக வழுக்கிய கணத்திலேயே வேகத்தைக் கொன்று, வண்டியை நின்ற இடத்தில் புதையவிட்டுவிடும். கட்டைவிரல்களை ஸ்டியரிங் வளையத்துக்குள்ளே நுழைத்துப் பிடிக்காமல் வெளியே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மறைந்திருக்கும் மேட்டில் சக்கரம் மோதினால் வளையம் திடீரென்று சுழன்று விரலை முறித்துவிடக்கூடும். பெரியவர் என் பக்கத்தில் அமர்ந்து, "யல்லா" என்றார். மெதுவாகத்தான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

தார் முடிந்து மணலில் சக்கரம் இறங்கியதும் முதலில் மாறியது ஓசை. சக்கரங்களின் இரைச்சல் முற்றாக அடங்கி, இஞ்சினின் குரல் மட்டும் கனத்துத் தனியே கேட்டது. யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பதுபோல ஒரு தடை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சற்று எடுத்தால், பிரேக்கைத் தொடாமலே வண்டி தளர்ந்து நிற்கப் பார்த்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் உடனே திரும்புவதில்லை. சிறிது யோசித்த பிறகே வண்டியின் முகம் அசைந்தது. ரஸ்தாவில் பழகிய கை அந்தத் தாமதத்தைப் பொறுக்காமல் மேலும் திருப்பத் துடிக்கிறது. அப்படித் திருப்பினால் முன்சக்கரங்கள் குறுக்கே நின்று மணலை உழுது வேகத்தைத் தின்றுவிடும். "விடு, விடு" என்று பெரியவர் உள்ளங்கையைக் காற்றில் மென்மையாக அசைத்தார். முன்னே போன வண்டிகளின் தடத்தில் சக்கரம் தானாகவே வழிதேடி ஓடியபோது, ஸ்டியரிங்கை இறுகப் பற்றாமல், விரல்களுக்குள் அது சற்று ஆடுவதற்கு இடம்கொடுத்துக்கொண்டு, இஞ்சினின் குரலை மட்டும் கேட்டுக் காலை அழுத்தவும் தளர்த்தவும் வேண்டியிருந்தது. வேகம் அதிகம் இல்லை. ஆனால் அது அறுபடக்கூடாது. மணலில் ஓட்டுவதன் ஜீவநாடி அந்த அறுபடாத வேகம்தான். பலத்தைக்கொண்டு மணலை வெல்லலாம் என்று ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிப்பவனுடைய சக்கரங்கள் குழி பறிக்கின்றன. அஞ்சித் தயங்குகிறவனுடைய வண்டி நின்றுவிடுகிறது. நடுவிலுள்ள அந்த நிதானத்தைக் கற்பிக்கவல்லது அனுபவம் ஒன்றே; அது கைவந்த சில நிமிஷங்களில் உடம்பு முழுவதும் பரவிய ஆனந்தத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

நிறுத்துவதற்கும் முறை உண்டு. பிரேக்கை மிதித்து நிறுத்தினால் நான்கு சக்கரங்களும் தமக்கு முன்னால் ஒவ்வொரு மணல் அணையைக் கட்டிக்கொண்டுவிடும். பிறகு புறப்படுவதே பெரும் பிரயத்தனமாகும். காலை எடுத்துவிட்டு, தானாக உருண்டு நிற்கவிட வேண்டும். அதுவும் வண்டியின் முகம் இறக்கத்தை நோக்கியிருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்தினால், மறுபடி கிளம்பும்போது பூமியின் ஈர்ப்பே முதல் உதவியைச் செய்யும்.

காலை வெயில் சாய்வாக விழுந்திருந்தவரையில் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நிழல் இருந்தது; தரையின் உருவம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. இரவில் அரபிக்கடலிலிருந்து உள்ளே வரும் ஈரக்காற்று மணலின்மேல் பனியாக இறங்குவதால், விடியற்காலத்து மணலின் மேற்பரப்பு மணிக்கு மணி ஒட்டி, சற்று இறுகியும் இருந்தது. வெயில் ஏற ஏற அந்த ஈரம் போய், காலையில் ஏறிய அதே சரிவு சக்கரத்தை உள்வாங்கத் தொடங்கியது. உச்சிப்பொழுதில் நிழல்களும் மறைந்துவிட, மேடும் பள்ளமும் ஒரே நிறமாகி, பத்து அடிக்கு முன்னால் இருப்பது சமதரையா பள்ளமா என்று சொல்ல இயலாமற் போயிற்று. புதிதாகப் பழகுகிறவர்கள் காலையிலும் மாலையிலும் மட்டும் ஓட்டுவதே நல்லது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

வரிசையொன்றின் முகட்டுக்கு ஏறுவதுதான் பயிற்சியின் கடினமான பகுதி. பள்ளத்தாக்கின் இறுகிய தரையிலேயே போதுமான வேகத்தைச் சேர்த்துக்கொண்டு, சரிவுக்கு நேராக, சற்றும் கோணாமல் ஏற வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்து ஏறும் வண்டியின் பாரம் கீழ்ப்பக்கத்துச் சக்கரங்களில் இறங்கி, அவை புதையப் புதையச் சாய்வு அதிகரித்து, இறுதியில் உருண்டுவிடும் அபாயம் உண்டு. ஏறுகையில் வேகம் தீர்ந்து வண்டி நின்றுபோனால், அங்கேயே திருப்பப் பார்க்காமல், உடனே ரிவர்ஸ் கியரில் போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னிறங்கி, இன்னும் தூரத்திலிருந்து மீண்டும் வர வேண்டும். ஒருவர் இப்படித் திரும்பத் திரும்ப ஏறும்போது, முந்திய தடங்கள் மணலை அமுக்கி அமுக்கி அடுத்த முயற்சிக்குப் பாதை செய்துகொடுக்கின்றன. முகடு நெருங்கியதும், முன்கண்ணாடியில் வானத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு கணம் வருகிறது. அந்தக் கணத்தில் காலை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் பாய்ந்தால் மறுபக்கத்துச் செங்குத்துச் சரிவில் வண்டி அந்தரத்தில் விழும். சீக்கிரமே எடுத்துவிட்டால் வயிறு முகட்டில் தட்டி, நான்கு சக்கரங்களும் பயனின்றித் தொங்கும். பெரியவர் என் முழங்காலின்மேல் லேசாகக் கைவைத்து அந்தத் தருணத்தை உணர்த்தினார். வண்டி முகட்டின்மேல் ஒரு விநாடி சமனாக மிதந்து, பிறகு முகத்தை மெல்லக் கவிழ்த்து, நேர்கீழாக இறங்கியது. பிரேக்கைத் தொடாமல், முதல் கியரின் பிடியில், கூடவே நழுவிய மணலோடு மணலாக இறங்கியபோது, சக்கரங்களின் இருபுறமும் மணல் தகடு தகடாகச் சரிந்தது. இவ்வளவு செங்குத்தான இறக்கம் இவ்வளவு மென்மையாக முடியும் என்று யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன்.

இரண்டாவது வண்டி எங்கள் பின்னால் வருகையில், நாற்புறமும் சரிந்த கிண்ணம் போன்ற ஒரு பள்ளத்தின் அடியில் நின்றுபோயிற்று. காற்று சுழன்று சுழன்று ஆக்கும் அத்தகைய பள்ளங்களின் அடிமணல் மிகவும் நெகிழ்வானது. பின்சக்கரங்கள் அச்சுவரையில் இறங்கிவிட்டன. பெரியவர் முதலில் இஞ்சினை நிறுத்தச்சொல்லிவிட்டு, சாவதானமாக வண்டியைச் சுற்றிவந்து, எந்தப் பக்கம் தரை தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தார். மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு எல்லோரும் முழந்தாளிட்டோம். சக்கரங்களுக்கு முன்னால் மட்டும் தோண்டினால் போதாது. வண்டியின் வயிறு மணலில் படிந்திருந்ததால், பாரத்தைச் சக்கரங்கள் தாங்காமல் வயிறே தாங்கிக்கொண்டிருந்தது. அடியில் கையை நீட்டி நீட்டி வாரியெடுத்த மணல், மேலே சுட்டாலும் ஒரு சாண் ஆழத்தில் குளிர்ந்திருந்தது. அள்ளிய இடத்துக்கு மேலிருந்து மறுபடி ஒழுகிவந்து நிரம்பியது. வெகுநேரம் அப்படி வாரியபின், ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னும் சரிவான ஒரு வாய்க்கால் அமைந்தது. டயர்களில் இன்னும் மூன்று ராத்தல் காற்றை இறக்கி, பற்கள் வைத்த நீண்ட பலகைகளை முன்சக்கரங்களின் அடியில் செருகினோம். பலகை பின்னால் தெறித்து வரக்கூடுமாகையால் எங்களையெல்லாம் பக்கவாட்டில் விலகி நிற்கச் சொல்லிவிட்டு, "மெதுவாக, சக்கரம் சுழலாமல்" என்று சாரதிக்குச் சைகை காட்டினார் பெரியவர். வண்டி முனகியது, அசைந்தது, ஒரு முழம் முன்னேறிப் பலகையைப் பற்றியது, பிறகு நிற்காமல், இறக்கம் இருந்த பக்கமாகவே ஓடி, பள்ளத்தின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. கயிறு கட்டி இழுக்க வேண்டிய அவசியம் நேரவில்லை. அதற்காக வைத்திருக்கும் கயிறு சாதாரணக் கயிறாக இராமல், வண்டியின் சட்டத்தோடு உறுதியாகப் பிணைத்த கொக்கியில் மாட்டும் பட்டையாக இருக்க வேண்டும் என்றும், இழுக்கும்போது அருகில் ஒருவரும் நிற்கலாகாது என்றும், தெறித்த கொக்கியால் உயிர்கள் போயிருப்பதாகவும் நண்பர் சொன்னார்.

நடுப்பகலில் ஒரு மரத்தடியில் தங்கினோம். இலைகள் சிறுத்து, கிளைகள் தாழ்ந்து, தனியே நின்ற அந்த மரத்தைக் கண்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது வன்னி, விருத்தாசலத்தில் தலவிருட்சமாக நாம் வலம்வந்து வணங்குகிற அதே வன்னி. அந்த நாட்டார் அதை காஃப் என்கிறார்கள். முப்பது மீட்டருக்கும் ஆழமாக வேரை இறக்கி, மண்ணின் அடியிலுள்ள நீரைத் தேடி எடுக்கும் அது, ஒட்டகத்துக்குத் தழையும், ஆட்டுக்குக் காயும், மனிதனுக்கு நிழலும் தருகிறது. மணல்வெளியின் கிழக்கோரத்தில் வன்னிக்காடே உண்டு. பெரியவர் சிறு கோப்பைகளில் ஏலக்காய் மணக்கும் காப்பியும், பேரீச்சம்பழமும் கொடுத்தார். அப்போது பள்ளத்தாக்கில் ஒரு பிக்-அப் வண்டி, பின்புறம் தண்ணீர்த் தொட்டியுடன், எங்களைவிட மும்மடங்கு வேகத்தில், ஒரு தடவைகூடத் திணறாமல் போயிற்று. அதை ஓட்டியவர் முகமூடியணிந்த பெதுவின் பெண்மணி.

மரத்தடியிலிருந்து பார்த்தபோது, எதிர்ச் சரிவில் பொழுதுபோக்குக்காக வந்தவர்கள் மனம்போனபடி ஓட்டிய தடங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. வெறும் மணலில் பதிந்த தடத்தைக் காற்று சீக்கிரமே அழித்துவிடும். ஆனால் பள்ளத்தாக்கின் அடியில், பனியின் ஈரத்தையே பெரிதும் குடித்து வளரும் குத்துச்செடிகளின் மேல் ஏறிய சக்கரம் செய்யும் சேதத்தைக் காற்றால் சரிசெய்ய முடியாது. அந்தச் செடிகளே மணலைப் பிடித்துவைத்து, ஓணானுக்கும் வண்டுக்கும் இருப்பிடமாகி, ஆடுகளுக்கும் ஒட்டகங்களுக்கும் தீனியாகின்றன. பெரியவர் காலைமுதல் எங்களை ஒவ்வொரு செடிக்கூட்டத்தையும் சுற்றிக்கொண்டு போகவைத்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. மணலில் வண்டி ஓட்டக் கற்பிக்கிறவர்கள் காற்றழுத்தத்தைக் கற்பிக்கும் முன்பே இதைக் கற்பிக்க வேண்டும். அது அங்கே வாழ்கிறவர்களின் மேய்ச்சல் நிலம்.

வெயில் தாழ்ந்து நிழல்கள் மீண்டும் நீண்டபிறகு பள்ளத்தாக்கின் வழியே வடக்கே திரும்பினோம். மிந்திரிப்பின் ஓரத்திலுள்ள டயர்க் கடைக்குப் போகும் அந்தச் சிறிய தூரத்தைக்கூட ஆமைவேகத்தில்தான் கடக்க வேண்டும் என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தளர்ந்த டயர் தார் ரஸ்தாவில் வேகமாகச் சுழன்றால், பக்கச்சுவர் ஓயாமல் மடங்கிச் சூடேறி வெடித்துவிடும். கடைக்காரப் பையன் கம்ப்ரசர் குழாயை மாட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு ரிம்மின் விளிம்பிலும் விரலை ஓட்டி, இடுக்கில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தெடுத்து, வால்வின் வாயையும் ஊதிச் சுத்தம் செய்தான். ஒரு மணி உள்ளே சிக்கினால்கூடக் காற்று கசியும் என்றான். பெரியவர் காலையில் தம் பையில் போட்டுக்கொண்ட வால்வு மூடிகளை எண்ணி எடுத்து நண்பரின் கையில் கொடுத்து, தம் நெஞ்சில் கைவைத்து எங்களிடம் விடைபெற்றுக்கொண்டு தம் பிக்-அப்பில் ஏறினார்.

"அண்ணாச்சி, சூர் வரைக்கும் நீங்களே ஓட்டுதியளா?" என்று நண்பர் கேட்டார்.

அன்றிரவு சூர் துறைமுகத்தில் தங்குவதாக ஏற்பாடு. 35 ராத்தல் ஏறிய டயர்களோடு, விளக்குகளைப் போட்டுக்கொண்டு, கிழக்கே செல்லும் நெடுஞ்சாலையில் வண்டியைத் திருப்பினேன்.